ரோகுவா, மிர்காலா, கட்லாவா? நிறத்தை விடுங்கள், வாயைப் பாருங்கள்

கேள்வி: சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தம்பி
8 அக்டோபர் 2023

அண்ணாச்சி, சந்தையில மூணு கெண்டையும் ஒரே கூடையில கெடக்கு. கடைக்காரர், "செவப்படிச்சா ரோகு, வெள்ளையா மின்னுனா மிர்கால், கறுத்துப் போயிருந்தா கட்லா"ன்னு சொல்லுதார். எங்க குளத்து ரோகு நல்ல கறுப்பு. அப்போ அது ரோகு இல்லையா? நிறத்தை வச்சுச் சொல்லலாமா, கூடாதா?

9 அக்டோபர் 2023

கூடாது தம்பி. உங்கள் குளத்து மீன் கறுப்பாக இருந்தாலும் ரோகுவாகவே இருக்கலாம். மீன் தோலில் உள்ள நிறமிச் செல்கள் சுருங்கவும் செய்யும், விரியவும் செய்யும். பாசி அடர்ந்த குளத்தில் வளர்ந்தது கறுத்திருக்கும். செம்மண் கலங்கிய தண்ணீரில் வளர்ந்தது வெளுத்திருக்கும். செத்து ஐஸில் கிடந்துவிட்டால் இரண்டுமே மங்கிப்போகும். கூடையில் கிடக்கிற மீனின் நிறம் அது வாழ்ந்த தண்ணீரைச் சொல்லும், செத்து எவ்வளவு நேரம் ஆனது என்பதைச் சொல்லும். பெயரைச் சொல்லாது.

வாயைப் பாருங்கள். மீனைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, வாய் மேலே பார்க்கிறதா, நேரே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்று கவனிப்பதுதான் முதல் வேலை.

கட்லாவுக்குக் கீழ்த்தாடை துருத்திக்கொண்டு வாய் மேல்நோக்கித் திறக்கும். தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கிற நுண்ணுயிரிகளைத் தின்கிற மீன் அது. தலை பெரிது, மீசை கிடையாது. ரோகுவுக்கு வாய் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். உதடு தடித்து, ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் குஞ்சம் கட்டியிருக்கும். விரல் நுனியால் தடவினாலே தெரியும். பக்கத்தில் சிறிய மீசையும் உண்டு. மிர்காலுக்கு வாய் இன்னும் கீழே, அகலமாக இருக்கும். உதடு மெல்லிசு, குஞ்சம் இல்லை. மூக்கு மழுங்கல், உடம்பு ஒல்லி. அடிச்சேற்றைக் கிளறித் தின்பதற்கென்றே அமைந்த வாய் அது.

செதில் எண்ணிப் பிரிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். பக்கக் கோட்டில், அதாவது செவுளிலிருந்து வால் வரை உடம்பின் பக்கவாட்டில் ஓடுகிற கோட்டில், எண்ணினால் மூன்றுக்குமே நாற்பதை ஒட்டித்தான் வரும்.

10 அக்டோபர்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. இந்த மூன்றுமே தாமிரபரணி மீன் இல்லை. கங்கைச் சமவெளி போன்ற வடக்கத்தி ஆறுகளின் மீன்கள். ஒரு காலத்தில் ஆற்றில் பிடித்த குஞ்சுகளைத்தான் ஊர் ஊராக அனுப்பினார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் ஆய்வாளர்கள் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியில் செலுத்தி இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பண்ணையில் குஞ்சு பொரித்து எந்த மூலைக்கும் கொண்டுபோக முடிந்தது. அந்த நாளைத்தான் இன்றும் தேசிய மீன் விவசாயிகள் தினம் என்று கொண்டாடுகிறார்கள்.

குளத்தை மீன்பாசிக் குத்தகைக்கு, அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கு, எடுப்பவர் வாங்கி விடுவது இந்தக் குஞ்சைத்தான். அதனால் இன்று நம் பிள்ளைகளிடம் கெண்டை வரையச் சொன்னால் ரோகுவை வரைகிறார்கள். இந்த மண்ணின் கெண்டைகள் வேறு. அவற்றைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

15 அக்டோபர்

"மீசை இல்லை, வாய் மேலே பார்க்கிறது, ஆகவே கட்லா" என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். அது கட்லா இல்லை, வெள்ளிக் கெண்டை. சீனத்துக் கெண்டை வகை. வாயும் மீசையும் மட்டும் போதாத இடம் இது. கண்ணைப் பாருங்கள்: வெள்ளிக் கெண்டைக்குக் கண் தலையில் ரொம்பக் கீழே தாழ்ந்து கிடக்கும். அடிவயிற்றை விரலால் தடவினால் கத்தி விளிம்பு தட்டுப்படும். செதில் பொடிப்பொடியாக, பக்கக் கோட்டில் நூறை ஒட்டி வரும். கட்லாவுக்குச் செதில் பெரிது.

செதில் எண்ண வேண்டாம் என்று 9-ஆம் தேதி சொன்னது அந்த மூன்று மீனுக்குள் பிரிப்பதற்கு. இந்த ஜோடிக்கு எண்ணலாம். எண்ணக்கூட வேண்டாம், பார்த்தாலே தெரியும். எந்த இரண்டு மீனுக்கு நடுவில் சந்தேகம் என்பது தெரிந்தால்தான் எந்த உறுப்பைப் பார்ப்பது என்பது தெரியும்.

பண்ணைகளில் ஒரே தொட்டியில் இனப்பெருக்கம் நடக்கும்போது கட்லாவும் ரோகுவும் கலந்த கலப்பினமும் வருவதுண்டு. தலை பெரிதாக, உதட்டில் பாதிக் குஞ்சத்தோடு ஒன்று வந்தால் குழம்ப வேண்டாம்.

16 அக்டோபர்

சாதாக் கெண்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு ஜோடி மீசை, நீளமான முதுகுத் துடுப்பு, அதன் முன்விளிம்பில் ரம்பப் பல் வைத்த ஒரு முள். இந்த மூன்றும் சேர்ந்தால் சாதாக் கெண்டை. புல் கெண்டைக்கு மீசையே இல்லை, முதுகுத் துடுப்பு குட்டை, தலை அகலம். அவ்வளவுதான்.

22 அக்டோபர்

"கெண்டைக்குப் பல் கிடையாது, விராலுக்குத்தான் பல்" என்று ஒரு பெரியவர் அடித்துச் சொல்கிறார். தாடையில் இல்லை என்பது சரி. பல்லே இல்லை என்பது சரியில்லை.

நாளைக்குக் கெண்டை வாங்கினால் தலையைக் குழம்பில் போடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். செவுள் மூடியைத் தூக்கி, சிவப்புச் செவுள்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுங்கள். நான்கு வளைவு வரும். அதற்கும் பின்னால், தொண்டைக்குள் இறங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் அரிவாள் வடிவில் ஓர் எலும்பு தட்டுப்படும். சதையைச் சுரண்டிவிட்டு வெயிலில் காய வைத்தால் அதில் பல் வரிசை வரிசையாக நிற்பது தெரியும். தொண்டைப் பற்கள். மேலே மண்டையோட்டின் அடியில் கெட்டியான ஒரு மெத்தை இருக்கும். அதில் வைத்து அரைத்துத்தான் விழுங்கும். சாதாக் கெண்டைக்கு இந்தப் பற்கள் நம் கடைவாய்ப் பல்லைப்போல் தட்டையாக இருக்கும். நத்தை ஓட்டையே நொறுக்கும்.

பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்த காலத்தில் இந்த எலும்பை ரெக்கார்டு நோட்டில் வரைந்திருக்கிறேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் எடுத்துப் பார்த்த பிறகுதான் அது எப்படி வேலை செய்கிறது என்பது உறைத்தது. வரைந்த படத்தில் மேலே இருக்கிற மெத்தை இல்லை. அது இல்லாமல் அந்தப் பல்லுக்கு அர்த்தமே இல்லை.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது என்பதும் அதே திண்ணையில் பார்க்கக் கூடியதுதான். தொண்டையில் அரைத்தது நேரே குடலுக்குப் போகும். ரோகுவின் குடலை நீட்டிப் பார்த்தால் உடம்பைப் போலப் பல மடங்கு நீளம் வரும். தாவரம் தின்கிற மீனுக்கு அவ்வளவு தேவை. விராலின் வயிற்றைக் கீறினால் தடித்த இரைப்பையும் குட்டைக் குடலும்தான். மீன் கழுவுகிற வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

29 அக்டோபர்

சிலேபி பற்றி மூன்று பேர் கேட்டாகிவிட்டது. சிலேபிதான் இன்றைக்கு நம் வாய்க்காலில் அதிகம் சிக்குகிறது. சிலேபி என்று நாம் சொல்கிற மொசாம்பிக் திலேப்பியா 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சீக்கிரம் பெருகும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், ஏழைகளுக்குப் புரதம் என்ற கணக்கு. பெருகியது உண்மை. தாய் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கிற மீனை எந்தக் குளம் அடக்கும்?

அடையாளம்: மூக்குத் துவாரத்தை எண்ணுங்கள். கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாவற்றுக்கும் ஒரு பக்கத்துக்கு இரண்டு துவாரம். சிலேபிக்கு ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். பக்கக் கோடும் முழுசாக ஓடாது. முன்பாதியில் மேலே ஓடி நின்றுவிடும், பின்பாதியில் கீழே தனியாகத் தொடங்கும்.

"செத்தகெண்டையும் சிலேபியும் ஒன்றுதானே" என்று ஒருவர் கேட்டதற்குப் பதில்: சொந்தக்காரர்கள், ஒன்றில்லை. செத்தகெண்டை நம் நாட்டு மீன். கழிமுகத்திலும் நன்னீரிலும் வாழும். வயிற்றுக்குக் கீழே பின்னால் இருக்கிற மலவாய்த் துடுப்பில் முள்ளை எண்ணுங்கள். சிலேபிக்கு 3. செத்தகெண்டைக்கு 12 அல்லது 13. இருட்டில் தடவியே சொல்லலாம், கை பத்திரம்.

13 நவம்பர்

தீபாவளிக்கு விருந்தாளி வந்ததில் எழுத முடியவில்லை. வந்த மருமகன் விரால் கேட்டார். சந்தையில் விரால் என்று கொடுத்தது குறவை. சின்ன விராலுக்கும் வளர்ந்த குறவைக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்று. விலையில் ஒன்றில்லை.

இரண்டுக்கும் தலையில் பெரிய தட்டுச் செதில், முதுகிலிருந்து வால் வரை ஒரே நீளத் துடுப்பு, அதில் முள் எதுவும் கிடையாது. துடுப்பைத் தாங்குகிற மெல்லிய கம்பிகளை எண்ணினால் விராலுக்கு 37-லிருந்து 46 வரை, குறவைக்கு 28-லிருந்து 33 வரை வரும். துடுப்பை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணலாம். அவசரத்துக்கு அடிவயிற்றைப் பாருங்கள். விராலுக்கு வெள்ளை வயிறு, பக்கத்திலிருந்து கறுப்புப் பட்டை சாய்வாக இறங்கியிருக்கும். குறவை குட்டை, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி.

பூவிராலுக்கு வால் தொடங்குமிடத்தில் மேல்பக்கம் கறுப்பு வட்டமும் சுற்றி ஆரஞ்சு வளையமும் இருக்கும். மலையடிவாரத்து ஓடைகளில் கிடைக்கிற இன்னொரு சின்ன வகைக்கு முதுகுத் துடுப்பின் ஓரம் ஆரஞ்சு, மார்புத் துடுப்பில் அரைவட்டக் கோடுகள்.

நிறத்தைப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு இப்போது ஆரஞ்சு என்கிறீர்களே என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மொத்த நிறம் மாறும். குறிப்பிட்ட இடத்தில் உள்ள பொட்டும் வளையமும் கோடும் அவ்வளவு சுலபமாக மாறாது. மங்கினாலும் இடம் அப்படியே இருக்கும். எந்த இடத்தில் என்று சேர்த்துச் சொன்னால் நிறமும் சாட்சிதான்.

14 நவம்பர்

விரால் பார்ப்பு, அதாவது விரால் குஞ்சுக் கூட்டம், பற்றி. ஆரஞ்சும் சிவப்புமாக நூற்றுக்கணக்கில் கும்பலாக மேலே வந்து குமிழி விடும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டிலை எறிந்தால் காவல் மீன் கோபத்தில் கவ்வும். அப்படிப் பிடிப்பது ஒரு திறமை என்று நம் பையன்கள் வீடியோ போடுகிறார்கள். தாயும் தகப்பனும் போனால் மற்ற மீன்கள் அந்தக் கும்பலை ஒரு பொழுதில் தின்று தீர்த்துவிடும். தயவுசெய்து பிடிக்காதீர்கள். பார்ப்பு கலைந்து தனித்தனியாகப் போன பிறகு விரால் எங்கும் ஓடிவிடாது.

26 நவம்பர்

மழை பிடித்துவிட்டது. குளம் நிரம்பி மறுகால் பாய்கிற இடங்களில், தண்ணீரை எதிர்த்து ஏறிவரும் ஏத்துமீன் பிடிக்கக் கூட்டம். பனையேறிக் கெண்டை உண்மையிலேயே பனை ஏறுமா என்ற கேள்வி ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகைக்கும் வந்துவிடும்.

தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியில் இருந்த டால்டார்ஃப் என்ற லெப்டினன்ட், 1791-இல் ஒரு பனைமரத் தண்டின் ஈரப் பொந்தில், ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக லண்டனுக்கு எழுதினார். உலகம் முழுக்க அந்தக் கதை பரவியது. பறவை தூக்கிக்கொண்டு போய் மரத்தில் வைத்திருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. தரையில் நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். மானூர் பக்கம், மறுகாலுக்கு அப்பால் நனைந்த வரப்பில், செவுள் மூடியை விரித்து, அதன் ஓரத்து முட்களை மண்ணில் ஊன்றி, வாலால் தள்ளித் தள்ளிப் போயிற்று. கையில் எடுத்தால் செவுள் மூடி அரத்தைத் தொட்ட மாதிரி அறுக்கும். அதுதான் அடையாளமும். உள்ளே செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு. காற்றிலிருந்தே மூச்சு விட அது உதவுகிறது. விராலுக்கும் செவுளுக்கு மேலே ஓர் அறை உண்டு. மேலே வந்து காற்றை விழுங்க விடாமல் வலைக்குள்ளேயே தண்ணீருக்கடியில் அமுக்கி வைத்தால் விரால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

24 டிசம்பர்

17, 18 தேதிகளில் பெய்ததை நினைத்தால் மீனைப் பற்றி எழுதக் கை வரவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோயிற்று. குளங்கள் உடைந்து வயலெல்லாம் மணல். நண்பர்கள் எல்லோரும் பத்திரம் என்று தெரிந்தது போதும். கேள்விகளுக்குப் பொங்கலுக்குப் பிறகு வருகிறேன்.

21 ஜனவரி 2024

உடைந்த குளங்களின் மீனெல்லாம் இப்போது ஆற்றிலும் வாய்க்காலிலும். கன்னடியன் கால்வாயில் இதுவரை பார்த்திராத அளவுக்குச் சாதாக் கெண்டை வருகிறது. அதைவிடக் கவலை, கூடவே வருகிற ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கக் கூடாது என்று அரசு தடை போட்ட மீன். யாரோ வளர்த்த குட்டைகளிலிருந்து வந்திருக்கிறது. சந்தையில் இதையும் தேளி என்றே விற்கிறார்கள்.

தேளி, நாட்டுக் கிளாரியஸ் என்கிற நம் நாட்டுக் கெளுத்தி வகை, ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று மூன்று மீன்களைப் பிரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் செதில் இல்லை, நாலு ஜோடி மீசை.

தேளிக்கு முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் ஒரு துண்டு மட்டும், ஏழெட்டுக் கம்பிக்குள். முதுகு மொட்டை. செவுள் அறையிலிருந்து பின்னோக்கி, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நீளமான காற்றுக் குழல் ஓடும். வெட்டும்போது பாருங்கள்.

நாட்டுக் கிளாரியஸுக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் முதுகுத் துடுப்பு வால் வரை நீளம். இந்த இரண்டையும் பிரிக்கத் தலையின் பின்பக்கம் கை வையுங்கள். தலை எலும்பு முதுகோடு சேருமிடத்தில் ஒரு நீட்சி இருக்கும். நாட்டு மீனுக்கு அது உருண்டு மழுங்கியிருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குக் கூர்மையாக முடியும். தோலுக்கு மேலேயே கட்டை விரலில் தெரியும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று உறுதியானால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். பாவம் என்று விட்டால் அது தின்னப்போவது நம் அயிரையையும் கெண்டைப்பொடியையும்தான்.

22 ஜனவரி

தேளி குத்தினால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு. விஷம் மார்புத் துடுப்பின் முள்ளில். தாங்கக் கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும், விஷம் புரதம் என்பதால் சூட்டில் கெடும். கொதிநீர் வேண்டாம், கை வெந்துபோகும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியமெல்லாம் செய்துகொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருக்க வேண்டாம். நான் தேளியைத் தலைக்குப் பின்னால் துணி போட்டு அமுக்கிய பிறகே கொக்கியைக் கழற்றுவேன்.

4 பிப்ரவரி

கெளுத்தியையும் வாளையையும் குழப்பிக்கொள்கிறவர்கள் முதுகின் பின்பகுதியைப் பார்க்கவும். நம் வாய்க்கால் கெளுத்திக்கு, முள் வைத்த முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் கம்பியே இல்லாத சதைத் துடுப்பு ஒன்று உண்டு. கொழுப்புத் துடுப்பு என்பார்கள். வாளைக்கு அது கிடையாது. முதுகில் குட்டியாக ஒரு துடுப்பு, வயிற்றுக்குக் கீழே வால் வரை நீண்ட துடுப்பு, கண்ணையும் தாண்டிக் கிழிந்த வாய், இரண்டு ஜோடி மீசை. தூத்துக்குடிக்காரர்கள் வாளை என்றால் கடலில் வருகிற வெள்ளை நாடா மீனை நினைக்கிறார்கள். அதுவும் வாளைதான், இதுவும் வாளைதான். சண்டை வேண்டாம்.

11 பிப்ரவரி

மீன் பிச்சு பற்றி ஒருவர் எழுதியிருந்தது கவலையாக இருக்கிறது. கெண்டையின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் சர்க்கரை குறையும், கண் தெளியும் என்று அவருடைய தாத்தா சொல்வாராம். செய்யாதீர்கள். ரோகு, புல் கெண்டை போன்றவற்றின் பித்தநீரில் நஞ்சு இருக்கிறது. அதை விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். ஈரலை ஒட்டி, பச்சை நிறத்தில் இருக்கும் பை. உடையாமல் நறுக்கி எடுத்துப் போடுவதற்குக் காரணம் கசப்பு மட்டும் இல்லை.

அப்புறம் முள். ரோகுவில் இவ்வளவு முள், விராலில் ஏன் இல்லை? கெண்டை வகைக்கு முதுகெலும்பு, விலா எலும்பு போக, சதை மடிப்புகளுக்கு நடுவே கவட்டை வடிவில் மெல்லிய முட்கள் தனியாக மிதக்கும். எதோடும் ஒட்டியிருக்காது. அதனால்தான் நடுமுள்ளை உருவினாலும் அவை வராது. விராலுக்கும் சிலேபிக்கும் அந்தக் கவட்டை முள் கிடையாது. குழந்தைக்குக் கொடுப்பவர்கள் வாலை விட நடுத்துண்டின் வயிற்றுப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே விலா முள் மட்டும், எடுப்பது சுலபம்.

கெண்டையின் காற்றுப்பையை எடுத்து மிதித்து வெடிக்க வைக்காத பிள்ளை நம் ஊரில் இருக்காது. அது நடுவில் இறுக்கிக் கட்டியது போல இரண்டு அறையாக இருக்கும். முன் அறையிலிருந்து குட்டி எலும்புகள் சங்கிலியாகப் போய் உள்காதைத் தொடுகின்றன. தண்ணீரில் வருகிற ஒலியைக் காற்றுப்பை வாங்கி, எலும்பு வழியாகக் காதுக்குக் கொடுக்கிறது. கெண்டைக்கும் கெளுத்திக்கும் இந்த அமைப்பு உண்டு. கரையில் சத்தம் போட்டால் மீன் ஓடிவிடும் என்று பெரியவர்கள் அதட்டுவது சும்மா இல்லை.

3 மார்ச்

இனி நம் கெண்டைகள். அக்டோபரில் எழுதுகிறேன் என்று சொன்னது.

தாமிரபரணிக்கென்றே உள்ள ஒரு கெண்டை இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 1950-களில் மீன் ஆய்வாளர் இ.ஜி. சைலஸ் அதை விவரித்து ஆற்றின் பெயரையே சூட்டினார். டாகின்சியா தாம்ப்ரபர்னியை. 2012-இல் இலங்கை ஆய்வாளர்கள் இந்தக் கூட்டத்தைத் தனிப் பேரினமாகப் பிரித்தபோது உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரை வைத்தார்கள். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே வளரும். உடம்பின் பக்கவாட்டில் கறுப்புத் திட்டுகள். வளர்ந்த ஆணுக்கு முதுகுத் துடுப்பின் கம்பிகள் சவ்வைத் தாண்டி நூல் நூலாக நீண்டு நிற்கும். அதே கூட்டத்தில் இன்னொன்றுக்கு வால் பக்கம் ஒரு நீளக் கறுப்புத் திட்டும், வால் நுனிகளில் கறுப்பும் சிவப்பும் இருக்கும்.

முதல்முறை கையில் பிடித்தது மணிமுத்தாற்றுப் பக்கம், முழங்கால் தண்ணீரில். கண்ணாடி டம்ளரில் விட்டு வெயிலுக்கு நேரே தூக்கினேன். துடுப்பு நூல்கள் ஒவ்வொன்றும் தனியாக அசைந்தன. செதில் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கருநிழல், மேலே பச்சை ஓடிய வெள்ளி. செவுள் மூடி திறந்து மூடும்போது உள்ளே இருந்த சிவப்பு வெளிச்சத்தில் தெரிந்தது. பார்த்துவிட்டு அங்கேயே விட்டேன்.

இதைச் சந்தையில் பொடி மீன் என்று கூறுகட்டி விற்கிறார்கள். வலைக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு அது பொடிதான். ஆனால் சிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நிறைந்து, மணல் போய், சாக்கடை கலந்து ஓடுகிற ஆற்றில் ஒரு மீன் குறைந்தால் அது குறைந்ததாகச் சொல்ல யாராவது அதன் பெயரைத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு நாளாக மூக்குத் துவாரமும் முள்ளும் எண்ணச் சொல்லிக்கொண்டிருப்பது அதற்காகத்தான். ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன்களை அங்கே வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். களக்காடு முண்டந்துறை காப்பகத்துக்குள் வலை வீசுவது சட்டப்படி குற்றம், பார்க்க மட்டும்தான்.

4 மார்ச்

அயிரைக்கும் பொடிக் கெண்டைக்கும் வித்தியாசம் கேட்ட ஆச்சிக்கு: அயிரைக்கு வாயைச் சுற்றி நாலு ஜோடி மீசை. கண்ணுக்குக் கீழே விரலை மெதுவாகப் பின்னிருந்து முன்னே தள்ளினால் குட்டி முள் ஒன்று குத்தும். பயந்தால் அதை நிமிர்த்தும். பொடிக் கெண்டைக்கு அது இல்லை. நீங்கள் கல்லுப்புப் போட்டு உரசும்போது கையில் கீறுவது அந்த முள்தான்.

17 மார்ச்

ஆரலும் விலாங்கும். இரண்டும் நீளம், இரண்டும் வழுக்கும். ஆரலுக்கு மூக்கு நுனி சின்னத் தும்பிக்கையாக நீண்டிருக்கும், முதுகில் துடுப்பு தொடங்குவதற்கு முன்னால் தனித்தனி முட்கள் வரிசையாக நிற்கும். வாலிலிருந்து தலைப்பக்கம் கையை ஓட்டினால் கிழித்துவிடும். விலாங்குக்கு முள்ளே இல்லை. மார்புத் துடுப்பு உண்டு, செதில் தோலுக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாது. ஆரல் இங்கேயே முட்டையிடும். விலாங்கு கடலில் போய்த்தான் முட்டையிடும். குஞ்சு புன்னைக்காயல் வழியாக உள்ளே வந்து, ஸ்ரீவைகுண்டம், மருதூர் என்று ஒவ்வோர் அணைக்கட்டையும் ஏறிக் கடந்துதான் மேலே வரவேண்டும்.

விலாங்கு யாருக்காவது கிடைத்தால் ஒன்று பார்த்து எழுதுங்கள். முதுகுத் துடுப்பு மலவாய்க்கு நேர் மேலே தொடங்குகிறதா, இல்லை அதற்கு ரொம்ப முன்னால் தொடங்குகிறதா? நேர் மேலே, உடம்பு ஒரே நிறம் என்றால் குட்டைத்துடுப்பு விலாங்கு. முன்னால் தொடங்கி, உடம்பில் திட்டுத்திட்டாக இருந்தால் நீளத்துடுப்பு விலாங்கு. எந்த அணைக்கட்டுக்கு மேலே, எந்த மாதம் கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. சேரன்மகாதேவித் தம்பி, உங்கள் வீடு ஆற்றங்கரை ஓரம்தானே, நீங்களே தொடங்குங்கள்.